கப்பல் தளத்துப் பையன்கள்



1970களின் பிற்பகுதி. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து இரண்டு பையன்கள் தெற்கே கில்லிங்ஹாம் என்ற ஊருக்குப் போகிறார்கள். அந்த ஊர்க் கால்பந்து கிளப்பில் தேர்வு ஆட்டம். ஒருவன் பெயர் ஸ்டீவ் புரூஸ். நியூகாசில், சண்டர்லேண்ட் உட்படச் சில கிளப்கள் ஏற்கெனவே அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. கப்பல் கட்டும் தளத்தில் பிளம்பர் வேலை பழகச் சேர வேண்டியதுதான் பாக்கி. இன்னொருவன் பீட்டர் பியர்ட்ஸ்லி. புரூஸைவிடப் பதினெட்டே நாள் இளையவன். இரண்டு பேரும் ஒரே பையன்கள் கிளப்பில் ஆடி வளர்ந்தவர்கள்.

கில்லிங்ஹாம்காரர்கள் புரூஸை எடுத்துக்கொண்டார்கள். பியர்ட்ஸ்லியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். புரூஸ் மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டனாக உயர்ந்து கோப்பைகளாகத் தூக்கினார். ஆனால் இங்கிலாந்தின் முதன்மை அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடக் கொடுத்து வைக்கவில்லை. வேண்டாம் என்று அனுப்பப்பட்ட பியர்ட்ஸ்லியோ இங்கிலாந்துக்காக 59 ஆட்டங்கள் ஆடினார். 1987இல் லிவர்பூல் அவருக்காகக் கொடுத்த 19 லட்சம் பவுண்ட் அன்றைக்குப் பிரிட்டனில் யாரும் கொடுத்திராத தொகை. பதினாறு வயசுப் பையனைப் பார்த்து அவன் எதிர்காலத்தைச் சொல்வதில் கால்பந்துக்காரர்கள் ஜோசியர்களைவிடப் பெரிய கெட்டிக்காரர்கள் இல்லை.

அந்த இருவரையும் வளர்த்த கிளப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பெயர் வால்சென்ட் பாய்ஸ் கிளப்.

வால்சென்ட், டைன் நதியின் வடகரையில் நியூகாசில் நகரத்தை ஒட்டிய ஊர். ரோமானியர்கள் பிரிட்டனின் குறுக்கே கட்டிய ஹேட்ரியன் சுவர் கிழக்கே முடிவது இங்கேதான். ஆனால் கிளப் பிறந்த காலத்தில் ஊரை ஆண்டது ரோமாபுரியின் நினைவு அல்ல, ஸ்வான் ஹன்டர் என்ற கப்பல் கட்டும் நிறுவனம். டைட்டானிக் மூழ்கியபோது ஓடி வந்து 700க்கும் மேற்பட்டவர்களைக் கடலிலிருந்து காப்பாற்றியதே கார்பாத்தியா, அந்தக் கப்பல் இந்த ஊரில் கட்டியது. அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்த கப்பல் என்ற பெருமையை இருபது ஆண்டுகள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த மௌரிட்டானியாவும் இந்த ஊர்க்காரர்கள் கைவேலைதான்.

அந்த மௌரிட்டானியாவின் வேலை தொடங்கிய 1904ஆம் ஆண்டில்தான் பாய்ஸ் கிளப்பும் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஸ்வான் ஹன்டரின் ஊழியர்களும் இயக்குநர்களும். தளத்தில் தொழில் பழக வந்த அப்ரண்டிஸ் பையன்களும் ஊரின் மற்ற பிள்ளைகளும் வேலை முடிந்தபின் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். அந்தக் காலத்தில் பிரிட்டனின் தொழில் நகரங்கள் பலவற்றில் இப்படிப்பட்ட பையன்கள் கிளப்கள் முளைத்தன. கையில் கொஞ்சம் கூலிக்காசு, வீட்டிலோ நிற்க இடமில்லை, தெரு முனையில் மதுக்கடை. அப்படிப்பட்ட பையனை எங்கே உட்கார வைப்பது என்ற கவலை தேவாலயத்துக்கும் இருந்தது, முதலாளிக்கும் இருந்தது. முதலாளியின் கவலையில் அன்பு எவ்வளவு, மறுநாள் காலையில் ஆள் ஒழுங்காக வேலைக்கு வர வேண்டுமே என்ற கணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் போகவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். கால்பந்து வீரர்களை உருவாக்குவது அவர்கள் திட்டத்திலேயே இல்லை. கால்பந்து அணிகள் முறைப்படி அமைந்ததே 1965இல்தான். அறுபது ஆண்டு காலம் ஊர்ப் பையன்களுக்குப் பொழுதுபோக்க ஓர் இடமாக இருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அது நாடறிந்த கால்பந்துப் பட்டறையாக மாறியது. அன்று முதல் இந்த ஒரே கிளப்பிலிருந்து அறுபதுக்குக் குறையாத பிள்ளைகள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் போயிருக்கிறார்கள்.

எப்படி? ஒருவரை எடுத்துக்கொள்வோம். மைக்கேல் கேரிக் இந்த ஊரிலேயே பிறந்தவர். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 464 ஆட்டங்கள் ஆடியவர். ஐந்து வயசு வாக்கில் அவர் கால்பந்து பழகத் தொடங்கியது இந்தக் கிளப்பின் சனிக்கிழமை இரவு ஆட்டங்களில். சின்ன இடம், பக்கத்துக்கு நாலைந்து பேர், அவ்வளவுதான். அவருடைய அப்பா அங்கே சம்பளம் வாங்காமல் உதவி செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர்.

பெரிய மைதானத்தில் பதினொரு பேர் அணியில் ஒரு குழந்தையை நிறுத்தினால் என்ன ஆகும்? பந்து அதன் பக்கம் எப்போதாவதுதான் வரும். உயரமாக, பலசாலியாக இருக்கிற பையன் ஓங்கி உதைப்பான். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். சின்ன இடத்தில், ஆளும் குறைவாக இருக்கும்போது யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. பந்து நிமிஷத்துக்கு நிமிஷம் காலுக்கு வரும். வந்ததும் ஒருத்தன் மேலே வந்து விழுவான். யாரிடம் தள்ளுவது என்பதைப் பந்து வருவதற்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். கேரிக் சிறுவனாக இருந்தபோது முன்கள ஆட்டக்காரர், கோல் அடிக்கிற பிள்ளை. நாம் தொலைக்காட்சியில் பார்த்த கேரிக்கோ நடுக்களத்தில் நின்றுகொண்டு, அவசரமே இல்லாதவர்போல, எதிராளிகள் இருவருக்கு நடுவே பந்தை நழுவ விடுகிறவர். அந்தப் பார்வைக்கு விதை சனிக்கிழமை இரவுகளில் விழுந்தது என்பது என் எண்ணம்.

இனி ஆலன் ஷியரர். அவரைச் சொல்லாமல் வால்சென்ட் கதையைச் சொன்னால் நியூகாசில்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தகரத் தகடு வேலை செய்யும் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயசில் வால்சென்ட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை ஜாக் ஹிக்சன் என்பவர் பார்த்தார். ஹிக்சன் ஒரு ஸ்கவுட். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக் கிளப்புக்குத் தகவல் சொல்கிற ஆள். அவர் வேலை பார்த்தது நாட்டின் தென்கோடியில் இருக்கும் சௌத்தாம்ப்டன் கிளப்புக்கு. ஷியரர் நியூகாசில் யுனைடெட்டிலும் தேர்வுக்குப் போயிருக்கிறார். அங்கே அவரைக் கோல்கீப்பராக நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை அந்தப் பக்கம் இன்னும் உலவுகிறது. அதில் எவ்வளவு உண்மையோ, எவ்வளவு உப்பு காரமோ. 1988 ஏப்ரலில் சௌத்தாம்ப்டனுக்காக ஆர்சனல் அணிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தபோது ஷியரருக்குப் பதினேழு வயசு. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அவ்வளவு சின்ன வயசில் அதற்கு முன் யாரும் ஹாட்ரிக் அடித்ததில்லை.

1996இல் நியூகாசில் யுனைடெட் அவரை வாங்கியது. விலை ஒன்றரைக் கோடி பவுண்ட்; அன்றைய உலக சாதனை. தங்கள் மைதானத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆடிக்கொண்டிருந்த பையன்! பஸ் டிக்கெட் செலவில் கிடைத்திருக்க வேண்டியவர். புரூஸ், பியர்ட்ஸ்லி, கேரிக் எல்லோருமே முதலில் வேறு ஊர்க் கிளப்களுக்குத்தான் போனார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், லீ கிளார்க், ஸ்டீவ் வாட்சன், ராபி எலியட் போன்றவர்களை அதே வால்சென்டிலிருந்து நியூகாசில் நேராகவே எடுத்தது. ஆனாலும் தவறவிட்டவர்களின் பட்டியல் கனமானது.

இந்தப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் கப்பல் தளம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் கிறிஸ் கில்லிப் என்ற புகைப்படக்காரர் 1975இல் வால்சென்டில் எடுத்த படங்களைப் பார்க்க வேண்டும். வரிசை வீடுகள் கொண்ட ஒரு குறுகலான தெரு. தெருக்கோடியில் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கப்பலின் உடம்பு. டைன் பிரைட் என்று பெயர். அந்த நதியில் கட்டிய கப்பல்களிலேயே பெரிய எண்ணெய்க் கப்பல். பாட்டுக்காரர் ஸ்டிங் பிறந்ததும் இந்த வால்சென்டில்தான். பிள்ளைப் பருவத்தில் கண்ட கப்பல்களை வைத்துப் பின்னாளில் ஒரு இசை நாடகமே எழுதினார்.

அவ்வளவு பெரிய கப்பல்களுக்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. 1977இல் ஸ்வான் ஹன்டர் அரசுடைமை, பத்தாண்டு கழித்து மறுபடி தனியார் கை. 1993இல் கடற்படையின் பெரிய கப்பல் ஒன்றைக் கட்டும் ஒப்பந்தம் கைநழுவிப் போனதும் நிறுவனம் திவாலாகி வேறு நிர்வாகத்தின் கீழ் போனது. கொஞ்ச காலம் புது உரிமையாளருடன் மூச்சு விட்டது. 2006இல் அங்கே கப்பல் கட்டுவது நின்றுபோயிற்று. மறு ஆண்டு, ஊருக்கே அடையாளமாக நின்ற ராட்சத கிரேன்களை வாங்கியது யார் தெரியுமா? நம் நாட்டின் பாரதி ஷிப்யார்டு. மிதக்கும் தளம், எந்திரங்கள் எல்லாமே பிரிக்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறின.

பிளம்பர் ஆகவிருந்த புரூஸுக்குத் தளத்தில் ஒரு வேலை காத்திருந்தது. தேர்வில் தோற்ற பையனும் திரும்பி வந்து வெல்டராகலாம், எலக்ட்ரீஷியனாகலாம் என்ற நிலை அன்றைக்கு இருந்தது. அந்த மாற்று வழி அடைபட்டதுதான் ஊருக்குப் பெரிய அடி என்று நினைக்கிறேன். புகழ்பெற்ற அறுபது, எழுபது பேரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கிளப்பில் சேர்ந்த ஆயிரக்கணக்கான மற்ற பிள்ளைகள் ஊரோடு இருந்துவிட்டவர்கள். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கோட்டுக்கு வெளியே நின்று கத்தி, வலையைக் கட்டி அவிழ்த்து, கிளப்பை நடத்துகிறவர்களே ஆகிவிட்டார்கள். தளம் போன பிறகும் கிளப் நிற்பதற்கு அவர்களே காரணம்.

இன்றைக்குக் கிளப்புக்கென்று ஒரு மைதானம் இருக்கிறது. கிர்க்லி பார்க் என்று பெயர். நெடுங்காலம் கிளப்புக்காக உழைத்த பீட்டர் கிர்க்லியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பழைய பிள்ளைகளும் மறக்கவில்லை. 2017இல் கேரிக்குக்காக நடந்த பாராட்டு ஆட்டத்தின் வருவாயில் பிறந்த அறக்கட்டளை மான்செஸ்டரிலும் நியூகாசில் பக்கத்திலும் சிறுவர்களுக்காக வேலை செய்கிறது. கிர்க்லி பார்க்கில் இப்போது பெண் பிள்ளைகளின் அணிகளும் ஆடுகின்றன. பலகையில் என்னவோ பாய்ஸ் கிளப் என்றுதான் இருக்கிறது. அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.