ஒற்றுத்துகளும் ஓர் ஆய்வுத்தாளும்

(நாகர்கோயிலில் நடைபெற்ற திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில் என்ன வேலை என்று நண்பரொருவர் வினவினார். வேலை இருக்கின்றது, அது சொல் வேலை. அதற்குமுன் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகின்றேன்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி.வி. இராமனும் வத்திராயிருப்பிற் பிறந்த கே.எசு. கிருட்டிணனும் கொல்கத்தாவில் இருந்து உழைத்து, 1928ஆம் ஆண்டு பிப்பிரவரி 28ஆம் நாள் ஓர் உண்மையை உறுதிசெய்தனர். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு நீர்மத்துள் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகப் பெரும்பங்கு அதே நிறத்தோடு வரும். கோடியில் ஒன்றெனும் அளவினதாகிய மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஒவ்வொரு பொருளும் ஒளியில் தன் கைந்நாட்டை இட்டு அனுப்புகின்றது என்க. 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருட்டிணனை நாம் மறந்தே போனோம். அது வேறு கதை.

கோடியில் ஒன்றை வைத்து நோயை எங்ஙனம் அறிவது? 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார், சொரசொரப்பாக்கிய வெள்ளியின்மேல் ஒட்டிய பொருள் இக்கைந்நாட்டை மிக வலிதாகக் காட்டுவதைக் கண்டனர். வெள்ளி, பொன் ஆகியவற்றின் பரப்பு அதனைப் பல்லாயிரம், இலக்கம் மடங்கு பெருக்குகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதனைக்கொண்டு அமைத்ததே சாயத்துகள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் வருவது ஒரு நானோமீட்டர். அவ்வளவையில் சில பத்துகளே குறுக்களவுடைய பொன் துகள்மேல் சாயத்தைப் படியவைத்து, அது கழன்றுவிடாமல் காப்புறையிட்டு, புற்றணுவின் மேலுள்ள அடையாளத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை வெளியே பிணைப்பர். துகள் புற்றணுவைத் தேடிச்சென்று ஒட்டும். சீரொளியைப் பாய்ச்சியதும் சாயத்தின் கைந்நாடு தோன்றும். பகைவர் பாசறையுள் புகுந்து அறிந்துவரும் வேலையன்றோ இது! வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்க, நாம் ஏன் 'புரோப்' என்று திணற வேண்டும்? ஒற்றுத்துகள் என்போம்.

இவ்வேலை எங்கோ நடப்பதன்று. நம் மாவட்ட எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள நடுவணரசின் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தார், 'இசுகுவரேன்' என்னும் சாயத்தைக்கொண்டு கருப்பைவாய்ப் புற்றின் முன்னிலை மாற்றங்களை இம்முறையால் அறிந்து 2015இல் வெளியிட்டனர். நம்மூர் நோயாளிகள் விடியலில் தொடர்வண்டி ஏறிச் செல்கின்றார்களே, அந்த மண்டலப் புற்றுநோய் நடுவத்தாரும் அதில் உடனுழைத்தனர். சாயம் தனித்தனியே நின்றால் தானே ஒளிர்ந்து கைந்நாட்டை மறைக்கும். பொன்மேல் திரண்டு நின்றால் ஒளிர்வு அடங்கிக் கைந்நாடு மேலெழும். இதுவே அதன் நுட்பம்.

இம்முறை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பொது மருத்துவத்துக்கு வரவில்லை. எவரும் இதற்கெனக் காத்திருத்தல் ஆகாது. இன்றைக்குக் காடிநீர் தடவி, வெளுக்கும் இடத்தைக் காணும் எளிய ஆய்வு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 அகவை மகளிரிடம் அவ்வாய்வை நடத்தியதன் பயன் 2007இல் வெளியாயிற்று: ஆய்வு நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, நடவாத ஊர்களைவிட 100க்கு 35 குறைந்தது. காடிநீரே இத்துணைச் செய்தது!

ஆயினும் ஆய்வுக்குப்பின் வருவது ஒரு தாள். எம் ஊரில் ஓர் அம்மையார் அத்தாளை நான்கு திங்கள் தகரப்பெட்டியுள் மடித்து வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்தமையால், 'எல்லாம் நன்று' என்று எழுதியிருப்பதாகவே எண்ணிக்கொண்டார். 'இழையம் எடுத்து ஆராய உடனே வருக' என்பதே அதன் பொருள். 'பாசிட்டிவ்' என்று கேட்டு மகிழ்ந்தவரையும் யான் அறிவேன். ஆங்கிலத்தில் அது நல்ல சொல்லாயிற்றே!

கருவி வந்தபின் சொல் ஆக்கலாம் என்பார் உளர். வந்தபின் எவரும் ஆக்கியதில்லை. 'திசு' என்பது ஆங்கிலம் என்பதையே நம் மாணவர் அறியார். ஈழத்தார் இழையம் என்று எழுதியே அறிவியல் கற்றனர். எனவே ஒற்றுத்துகள் மருத்துவமனைக்கு வருமுன்னரே அதன் பெயர் வந்துவிட வேண்டும். 'பாசிட்டிவ், நெகட்டிவ்' என்பதற்குப் 'புற்று அடையாளம் உண்டு, இல்லை' என்று எழுதினால் போதும். அதற்குப் புதுச்சொல்லே வேண்டா.

இம்மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது, தமிழில் வாழ்வதற்காக. ஆய்வுத்தாளில் வழக்கமாக வரும் இருபது சொற்களுக்குத் தமிழும், ஒவ்வொன்றும் வந்தால் அடுத்துச் செய்ய வேண்டுவதும் ஒரு தாளில் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கின்றேன். படிகள் வாயிலருகே உள்ளன. தாய்மார்கள் முதலில் எடுத்துக்கொள்க. எஞ்சியவற்றை இளைஞர்கள் தத்தம் ஊர் நலவாழ்வு நிலையத்துச் செவிலியரிடம் சேர்ப்பிக்க.