தச்சனும் டெக்னாலஜியும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற டெக்னோபார்க்கை நீங்கள் அறிவீர்கள். அங்கே பணிபுரியும் தமிழர் பலர். அப்பெயரின் தலையில் நிற்பது 'டெக்னாலஜி' என்னும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி. நாள்தோறும் நம் நாவில் வழங்கும் அச்சொல்லின் ஒலியையும் பிறப்பையும் சிறிது ஆராய்வோம்.

டெக்-னா-ல-ஜி என அது நான்கு அசைகளை உடையது. ஆங்கிலேயர் இரண்டாம் அசையை அழுத்தி ஒலிப்பர். 'டெக்னிக்கல்' என்னுமிடத்து அவ்வழுத்தம் முதலசைக்கு வந்துவிடும். 'டெக்னலாஜிக்கல்' என்னுமிடத்து மூன்றாம் அசைக்குச் செல்லும். தமிழிலோ குறில் நெடில் வேறுபாடே பெரிது. இவ்வாறு இடம்பெயரும் அழுத்தம் நமக்குப் பழக்கமன்று. எனவே நம்மவர் எல்லா அசைகளையும் ஒப்ப ஒலிப்பது அறியாமையன்று. தாய்மொழி தந்த இயல்பு. நம் பிள்ளைகள் அதற்காக நாணவேண்டுவதில்லை. அழுத்தம் விழும் இடத்தைக் கற்றுக்கொண்டாற் போதும்.

'சர்ச்' என்னும் சொல்லில் சகர ஒலி தரும் 'சி', 'எச்' எழுத்துகள் இங்கே ககரமாவது ஏன்? பழங்கிரேக்கத்தில் மூச்சொலி கலந்த ககரம் ஒன்று இருந்தது. உரோமர் அதனை இவ்விரு எழுத்துகளால் குறித்தனர். 'கெமிஸ்ட்ரி', 'ஸ்கூல்' ஆகியவற்றிலும் அதுவே காரணம். 'மெக்கானிக்', 'மெஷின்' இரண்டும் ஒரே கிரேக்க வேரில் தோன்றியவை; பிரெஞ்சு மொழி வழியாக வந்தமையால் பின்னது ஷகரம் பெற்றது.

இனிப் பொருளைக் காண்போம். 'டெக்னே' என்பது கைத்திறன். 'லோகோஸ்' என்பது சொல். ஒரு கலையை முறைப்பட எடுத்துரைத்தலே கிரேக்கர் கொண்ட பொருள். அமெரிக்க அறிஞர் ஜேக்கப் பிகலோ 1829இல் தம் நூலுக்கு இச்சொல்லைத் தலைப்பாக்கினார். 1861இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பெயரிலேயே இதனை ஏற்றது. பொறிகளைச் சார்ந்த இன்றைய பொருள் பின்னர் வேரூன்றியதே.

'டெக்னே'க்கு உறவான கிரேக்கச் சொல் 'டெக்டோன்'. அதன் பொருள் தச்சன். வடமொழியின் 'தக்ஷன்' அதற்கு இனமான சொல் என்பர் மொழிநூலார். நம் 'தச்சன்' அவ்வடசொல்லின் வழி வந்தது என்றும் கூறுவர். குறுந்தொகையிலேயே தச்சன் இடம்பெறுகிறான். மலையாள நாட்டிலோ பெருந்தச்சன் கதையை அறியாதார் அரியர்.

ஆதலின், கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞன், உளி பிடித்துத் தன்னைப் படிக்கவைத்த தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசுவானாயின், தன் தொழிற்பெயரின் வேரையே மறைப்பவன் ஆவான். இருவர்க்கும் சொல் ஒன்றே, சிறப்பும் ஒன்றே.