முகத்துக்கு ரெட்டினாய்டு: டியூபைத் திறக்கும் முன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் தோல் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லிஃப்டிலும் நடைப்பயிற்சியிலும் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், சுருக்கம் போக ரெட்டினாய்டு கிரீம் போடலாமா?" போடலாம். ஆனால் எதை, எவ்வளவு, எப்படி என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளின் பொதுப் பெயர். அவற்றில் மூத்தது ட்ரெட்டினாயின். அமெரிக்காவில் 1971-இல் பருவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பருவுக்குப் போட்டவர்களுக்குச் சுருக்கமும் குறைவது தெரிந்து, ஆய்வுகள் நடந்தன. 1995-இல் மெல்லிய சுருக்கங்களுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. தோலின் மேல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தை இது கூட்டுகிறது. உள்தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது. கடைகளில் சீரமாகக் கிடைக்கும் ரெட்டினால் இதைவிட வீரியம் குறைந்தது.

பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இதை மனதில் வையுங்கள். பின்னால் இதற்கே வருகிறேன்.

போடும் முறை எளிது. இரவில் முகம் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கண் இமை, உதடு, மூக்கோரம் வேண்டாம். முதலில் வாரம் இரண்டு இரவு. தோல் பழகப் பழகக் கூட்டலாம். மேலே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். முதல் சில வாரம் வறட்சியும் லேசான தோல் உரிதலும் இருக்கும். எரிச்சல் அதிகமானால் சில நாள் நிறுத்துங்கள். நம் மாநிறத் தோலில் எரிச்சல் வந்தால் அது கருந்திட்டாகி மாதக்கணக்கில் நிற்கும். அதனால் நமக்கு அவசரம் ஆகாது. எலுமிச்சை, ஸ்க்ரப், பிளீச் எல்லாவற்றையும் இதோடு சேர்க்காதீர்கள். முகத்தில் வாக்ஸிங் செய்வதானால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் கட்டாயம். அது இல்லாமல் இரவில் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் எந்த ரெட்டினாய்டும் போடக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன், மொமெட்டசோன் மூன்றும் கலந்த கிரீம் மருந்துக் கடைகளில் உண்டு. மங்கு உள்ளவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் தருவது அது. அதில் உள்ள மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்ட சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகும். "பக்கத்து வீட்டு அக்கா போடுகிறார், எனக்கும் ஒன்று" என்று டியூப் கைமாறுவது அதனால்தான்.

மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலியும். ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், சிவக்கும். அதனால் மறுபடியும் அதையே பூசுவார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம்களை விற்பதற்கு எதிராக மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. ஆனால் வீட்டுக்குள் கைமாறுவதை எந்த விதியும் தடுக்காது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே, ஒரு வாரத்தில் முகத்தை மாற்றும் கிரீம் என்றால் சந்தேகப்படுங்கள். ரெட்டினாய்டு மட்டும் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. வீட்டில் இருக்கும் டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால், சீட்டில்லாமல் அதை முகத்தில் போடாதீர்கள். ஏற்கெனவே பல மாதமாகப் போடுபவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட எதுவுமில்லை, சரியாக்க முடியும், நாளாகும், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.