பால்மரம் சீவிய கைகளில் பங்குப் பத்திரம்



கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று கிழக்கே போகும் வழியெல்லாம் தோட்டங்கள். அங்கே வளர்ந்தவர்களிடம் "பங்குச் சந்தை" என்று சொன்னால், "அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் பங்குப் பணத்திலேயே பிறந்த ஊர்கள் இவை என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் காடுகளை அழித்து ரப்பர் நட்டது யார் பணம்? லண்டனிலும் ஐரோப்பாவின் மற்ற நகரங்களிலும் இருந்த சாதாரண மக்களின் பணமும் அதில் உண்டு. அன்றைய ரப்பர் கம்பெனிகள் பல, பங்கு ஒன்றை இரண்டு ஷில்லிங்கிற்கு விற்றன. 1910 ஏப்ரலில் ரப்பர் விலை ராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியபோது, மலாயா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட ரப்பர் பங்கு வாங்கினார்கள். 1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். இந்த நாட்டில் வாணிப நோக்கத்தோடு செம்பனை நடப்பட்ட முதல் தோட்டம் அதுதான். பெயர் தமிழ், உழைப்பும் தமிழர்களுடையது. முதலும் லாபமும் வேறு எங்கேயோ இருந்தன.

நஷ்டம் மட்டும் இங்கே வந்து சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை ராத்தலுக்குச் சில பென்சு என்ற அளவுக்குச் சரிந்தது. கூலி குறைந்தது. பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தமிழகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பங்கு வைத்திருந்தவர் போட்ட பணத்தை இழந்தார். பங்கே இல்லாதவர் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார். பங்கு வாங்காததால் ஒருவர் சந்தையிலிருந்து தப்பிவிட முடியாது என்பதுதான் முதல் பாடம்.

நம் மக்கள் பங்கே வாங்கியதில்லை என்று சொல்வதும் தவறு. இரண்டு முறை பெருமளவில் வாங்கினார்கள். அந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் முதலீட்டின் அரிச்சுவடி முழுவதும் அதில் கிடைக்கும்.

முதலாவது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளி நடுத்தெருவில் நின்றான். 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிக்குப் பங்கு சேருங்கள் என்று கேட்டார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் வேறு தோட்டங்களும் வந்தன. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, மைக்கா ஹோல்டிங்ஸ். 1982-ல் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் போட்ட குடும்பங்கள் உண்டு. அந்தப் பங்கு கடைசிவரை பங்குச் சந்தையில் இடம்பெறவில்லை. 2010-ல் ஒரு நிறுவனம் அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ள முன்வந்தபோது கொடுத்த விலை, பங்கு ஒன்றுக்கு 80 காசு. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கு அது.

இதே காலத்தில் ஊழியர் சேமநிதி என்ன செய்தது? 1983 முதல் 1994 வரை ஓர் ஆண்டுகூட 8 விழுக்காட்டுக்குக் குறையாமல் லாப ஈவு கொடுத்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது கிடைக்கும். 8 விழுக்காடு என்றால் 9 ஆண்டு. 1983-ல் சேமநிதியில் இருந்த நூறு வெள்ளி, எடுக்காமல் விட்டிருந்தால், 1992 வாக்கில் இருநூறு வெள்ளி.

இந்த இரண்டு கதைகளிலிருந்து, எந்த முதலீட்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் பிறக்கின்றன. என் பணம் எதை வாங்குகிறது? அதை நிர்வகிப்பது யார், கணக்கை யாரிடம் காட்டுகிறார்கள்? வேண்டும்போது எப்படி, என்ன விலைக்கு வெளியே வரலாம்? எல்லாம் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? சம்பந்தன் காலத்துத் தொழிலாளிக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியும். தோட்டத்தைக் கண்ணால் பார்த்தான். மைக்காவில் பணம் போட்டவர்கள் மாட்டிக்கொண்டது மூன்றாவது கேள்வியில். சந்தையில் இல்லாத பங்கை அவசரத்துக்கு யாரிடம் கொண்டுபோய் விற்பது?

சரி, புதிதாகத் தொடங்குபவர் எங்கே தொடங்குவது?

முதலில் கடன். ஆலோங்கிடம் வட்டி கட்டிக்கொண்டே பங்கு வாங்குவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போல. அதை அடைத்துவிட்டு, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வையுங்கள். ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை உள்ள சேமிப்புக்கு வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு.

அடுத்தது ஊழியர் சேமநிதி. 55 வயதில் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு சட்டப்படி உறுதி. 2024-க்கு 6.3 விழுக்காடு கொடுத்தார்கள். சம்பளம் இல்லாமல் சொந்தத் தொழில் செய்பவரும், வீட்டில் தையல் தைக்கும் அம்மாவும்கூட ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே பணம் போடலாம். ஒரு வரம்புக்குள் அரசாங்கமும் அதில் கொஞ்சம் சேர்க்கிறது.

மூன்றாவது அமானா சஹாம் மலேசியா. இது எல்லா இனத்தவருக்கும் உரியது. யூனிட் ஒன்றின் விலை ஒரு வெள்ளி, அது ஏறி இறங்குவதில்லை. யூனிட் கிடைப்பதுதான் சிரமம். மனம் தளராமல் அடிக்கடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் புர்சா மலேசியா. பங்குத் தரகு நிறுவனத்தில் கணக்குத் திறந்தால், குறைந்தது நூறு பங்கு வாங்கலாம். ஒரு பங்கு இரண்டு வெள்ளி என்றால் இருநூறு வெள்ளியும் தரகுச் செலவும் போதும். ஒரு திருமண விருந்துக்கு மொய் எழுதும் தொகைதான்.

இந்த இடத்தில் தோட்டத்து மக்களுக்கு ஒரு வலிமை இருக்கிறது. மழை பொய்த்தால் குலை எப்போது குறையும், உரம் போடாமல் விட்டால் என்ன ஆகும், ஆள் பற்றாக்குறையில் எத்தனை குலை மரத்திலேயே அழுகும் என்பதெல்லாம் கோலாலம்பூர் ஆய்வாளரைவிட அவர்களுக்குத் தெரியும். செம்பனைக் கம்பெனியின் பங்கு விலையை அசைப்பவற்றில் இவையும் உண்டு. ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. அப்பாவுக்குச் சம்பளம் செம்பனையில், குடியிருக்கும் வீடு தோட்டத்தில், சேமிப்பும் செம்பனைப் பங்கில் என்றால், விலை விழும் ஆண்டில் மூன்றும் சேர்ந்து விழும். 1930களில் நடந்ததை மறக்கக் கூடாது. நன்றாகத் தெரிந்த தொழிலில் கொஞ்சம் போடுங்கள். மீதியைச் சம்பளத்தோடு சம்பந்தமில்லாத வேறு தொழில்களில் பிரித்துப் போடுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தோட்டம் விற்கப்பட்டு இழப்பீடு கைக்கு வரும் வாரத்தில், வாசலில் ஒருவர் வந்து நிற்பார். சில நேரம் சொந்தக்காரராகவே இருப்பார். "மாதம் பத்து விழுக்காடு, உத்தரவாதம்" என்பார். கணக்குப் போடுங்கள். மாதம் பத்து விழுக்காடு சேர்ந்துகொண்டே போனால், ஆயிரம் வெள்ளி ஓர் ஆண்டில் மூவாயிரத்தைத் தாண்டும். அப்படிப் பணம் பண்ணத் தெரிந்தவர் லயத்து வாசலுக்கு ஏன் வருகிறார்? முதலில் சேர்ந்தவருக்குக் கொடுப்பது பின்னால் சேர்ந்தவரின் பணம். அது தீரும் நாளில் அவர் தொலைபேசி எடுக்கமாட்டார். பங்கு பத்திர ஆணையமும் பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் பிள்ளைகளைவிட்டு அதில் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லை என்பதாலும் நம்பிவிடாதீர்கள். உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யலாம். சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்து, அப்பா அம்மா பிள்ளைகள் என்று குடும்பமாக உட்கார்ந்து படியுங்கள். பெட்டியில் தாத்தாவின் பழைய கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், உரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். மாதம் பத்து வெள்ளி கட்டி ஒரு தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தை அல்ல.