மாங்கேணியில் ஒடிசி படித்த கதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை நினைவுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டார். விடுதிச் சோற்றைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். அதை ஏற்கெனவே மூன்று பேர் எடுத்துக்கொண்டார்களாம். ஆகவே எனக்கு மிஞ்சியது கிரேக்கம்.

நான் மாங்கேணிப் பிள்ளை. தெற்கே காயான்கேணி, வடக்கே பனிச்சங்கேணி, கிழக்கே கடல். அங்கிருந்து தகரப் பெட்டியோடு வாழைச்சேனையில் பஸ் மாறி இங்கே விடுதிக்கு வந்த நாளில், நகரத்துப் பிள்ளைகள் பேசிய வேகத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கியது இரவில்தான். மாரி காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் மாலைப் படிப்பும் நின்றுவிடும். அப்போது எங்கள் ஆங்கில ஆசிரியை லாம்பைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் வைத்துக் கதை சொல்லுவார். அவருடைய பெயரை இங்கே சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உங்களில் பலருக்கு அது சொல்லாமலே தெரியும். அப்படி எட்டோ ஒன்பதோ இரவுகளில் அவர் சொல்லி முடித்ததுதான் ஹோமரின் ஒடிசி. பத்து வருடம் துரோய் நகரத்தில் போர், பிறகு பத்து வருடம் கடலில் அலைச்சல், மொத்தம் இருபது வருடம் வீட்டுக்கு வராத ஒரு மனிதனின் கதை.

சைரன்களின் கதையைச் சொன்ன இரவு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பாடி மயக்கிக் கப்பல்களைப் பாறைக்கு இழுக்கும் பெண்கள் என்றதும் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "எங்கட வாவி மீன் மாதிரியா ரீச்சர்?" என்றோம். பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பதை மட்டக்களப்பில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? ஆசிரியை சிரித்தார். சைரன்களுக்கு மீன் வால் முளைத்தது மிகப் பிந்திய காலத்தில்தான் என்றார். பழைய கிரேக்கப் பானைகளில் அவர்கள் பெண் தலை வைத்த பறவைகள். ஹோமரோ அவர்களுடைய உருவத்தைச் சொல்லவே இல்லை. அவர்கள் என்ன பாடினார்கள் என்பதை மட்டும் சொல்லுகிறார்: துரோயில் நடந்தது அத்தனையும் எங்களுக்குத் தெரியும், வந்தால் சொல்லுவோம் என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம். மயக்கியது குரல் அல்ல, அந்தச் செய்தி. அன்றைக்கு நான் அதை ஒரு வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு நானும் ஆசிரியையாகி, ஊருக்கே திரும்பிப் போய்த் தமிழும் இந்து நாகரிகமும் படிப்பித்தேன். க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் கிரேக்க உரோம நாகரிகம் என்று ஒரு பாடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. அதைக் கண்டால் சிலர் சிரிப்பார்கள். மீன்பிடித்துச் சீவிக்கும் ஊரில் கிரேக்கம் எதற்கு என்பார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக அதை எடுக்க விரும்பிய நாலைந்து பிள்ளைகள் என்னைத் தேடி வந்தபோது எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனாலும் லாம்பு வெளிச்சம் நினைவில் வந்தது. பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் வகுப்பைத் தொடங்கினேன்.

தொடங்கிய விதம்தான் பிழை. கொப்பியை விரிக்கச் சொல்லிக் குறிப்புச் சொன்னேன். "பெனலோப்பியின் பாத்திரப் பண்புகள்: ஒன்று, கற்பு. இரண்டு, பொறுமை. மூன்று, மதிநுட்பம். நான்கு, விருந்தோம்பல்." எத்தனையோ வருடம் இந்து நாகரிகத்துக்கு நான் சொல்லிக் கொடுத்த குறிப்பின் அச்சு இது. பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.

அதை விட்டு வெளியே வர எனக்கு உதவியது கண்ணகி. என் அம்மாவின் ஊர் செட்டிபாளையம். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிப்பதைச் சிறுவயதில் பாயில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அதில் கடலோட்டுகாதை என்று ஒரு பகுதி வரும். சிலம்புக்கு வேண்டிய நாகமணியைத் தேடி மீகாமன் கப்பல் ஏறிப் போய், வெடியரசனோடு போரிட்டு மணி கொண்டு வருவான். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் இது இல்லை. கடலோரத்துச் சனம் தங்கள் கடலைத் தாங்களே கதைக்குள் கொண்டுவந்திருக்கிறது. இதை நான் விறாந்தையில் சொன்ன அன்றுதான் பிள்ளைகள் ஒடிசியை நிமிர்ந்து பார்த்தார்கள். காற்றுத் திசை மாறுவது, மரம் முறிவது, கரை தெரிந்தும் கிட்டப் போக முடியாமல் அலை தள்ளுவது எல்லாவற்றையும் அவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். ஹோமருக்குக் கடல் தெரியும் என்று ஒரு பிள்ளை சான்றிதழ் கொடுத்தாள். அவளுடைய அப்பா கரைவலைக்காரர்.

அக்கிலிஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவனை விரைந்தோடுகிறவன் என்றே ஏன் சொல்லுகிறார்கள் என்று கேட்டார்கள். கூத்தில் அண்ணாவியார் ஏடு பார்க்காமல் பாட்டை எடுத்துக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள் என்றேன். வாயால் பாடுகிறவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஆயத்தச் சொற்கள் வேண்டும். அமெரிக்கரான மில்மன் பரி 1930களில் யூகோஸ்லாவியாவின் பாடகர்களிடம் போய் இதைக் கண்டுகொண்டார். அங்கே அவ்தோ என்ற பாடகர் 1935இல் 12,000 வரிகளுக்கு மேல் ஒரே கதையைப் பாடிக் காட்டினார். ஒடிசியும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம்முடைய கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்து, சங்கப் பாட்டுகளையும் இந்தக் கண்ணாலேயே பார்த்தார். அந்த நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. ஆகவே கிரேக்கமும் தமிழும் ஒரே மேசையில் இருப்பது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல.

இனி நான் சொல்ல வந்த விடயம். 2019ஆம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். 2006 கடைசியில் வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் அவளுடைய தகப்பன் காணாமற்போனார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. தாய் அவளை வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டு, இருட்டும் வரை படிக்கட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போவார்.

ஒடிசியின் தொடக்கத்தில் ஒடிசியஸின் மகன் தெலமாக்கஸ் ஒரு விருந்தாளியிடம் தன் மனதைத் திறக்கிறான். அப்பா துரோயிலேயே செத்திருந்தால் இவ்வளவு துயரம் இல்லை, தோழர்கள் ஒரு கல்லறை கட்டியிருப்பார்கள், இப்போது காற்று அள்ளிக்கொண்டு போனதுபோல ஒரு சேதியும் இல்லை என்கிறான். நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனபோது அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் கவனித்தேன்; ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவளே பேசினாள். "ரீச்சர், பெனலோப்பி மூன்று வருசமா பகலில நெய்து இரவில பிரிச்சாளே, அது யாருக்கு நெய்த சீலை?"

"மாமனார் லேர்டிஸுக்கு. அவர் செத்தால் போர்த்துறதுக்கு."

"புருசனுக்கு அவ நெய்யேல்லத்தானே?"

அத்தனை வருடமும் நான் அந்தச் சீலையை மதிநுட்பம் என்ற மூன்றாம் குறிப்பில் போட்டு வைத்திருந்தேன், 108 மாப்பிள்ளைமாரை ஏமாற்றிய தந்திரம் என்று. செத்துவிட்டார் என்று எல்லோரும் சொல்லும் ஒருவருக்குப் பிணச்சீலை நெய்ய மறுத்த பெண் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் இறப்புச் சான்றிதழ் எடுப்பதா என்ற பேச்சு வந்து வந்து போயிருக்கிறது. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனார் என்றே சான்றிதழ் பெற வழி வந்தது. தாய் அதையும் வாங்க ஒப்பவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. பன்றி மேய்க்கும் இயூமையஸ் ஓரிடத்தில் சொல்லுவான்: ஊருக்கு வரும் பரதேசிகள் எல்லோரும் ஒரு சட்டைக்காகவும் ஒரு நேரச் சாப்பாட்டுக்காகவும் பெனலோப்பியிடம் போய், உன் புருசனைக் கண்டேன் என்று பொய் சொல்லுகிறார்கள், அவளும் ஒவ்வொருவரையும் இருத்தி விசாரித்து அழுகிறாள். இதை வாசித்தபோது விறாந்தையில் ஒருவரும் அசையவில்லை. அங்கே கண்டேன், இங்கே கண்டேன், கொஞ்சம் காசு தந்தால் விசாரிப்பேன் என்று வந்தவர்களை எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். சைரன்கள் ஏன் அந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

இன்னொரு பிள்ளை கணக்குப் பார்த்தாள். ஒடிசியஸ் போனது பன்னிரண்டு கப்பலில், வந்தது ஒரு ஆள். மிச்சப் பேரின் தாய்மார் எங்கே என்றாள். கடைசிப் பகுதியில் இத்தாக்காச் சனம் திரண்டு வந்து, எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தொலைத்தவன் இவன் என்று நியாயம் கேட்பதைக் காட்டினேன். அந்தப் பக்கங்கள் எங்கள் குறிப்பில் இல்லவே இல்லை. தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களும் இல்லை. எமிலி வில்சன் என்ற பெண் 2017இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அவர்களை மழுப்பாமல் அடிமைகள் என்றே சொல்லுகிறார். அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பியவள் இலண்டனில் இருக்கும் என் வகுப்புத் தோழி. இதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள்.

சோதனைக்கு முதல் நாள் அந்தப் பிள்ளை கேட்டாள், "பெனலோப்பி வந்தா எதை எழுதட்டும் ரீச்சர்?" நான் சொன்னேன், "குறிப்பில உள்ளதை எழுது." பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி வேண்டும். திருத்துகிறவர் யாரோ எவரோ, அவருக்கு மாங்கேணி தெரியாது. சரியான ஆலோசனைதான். ஆனால் அதைச் சொன்ன என் வாய் இன்றைக்கும் கசக்கிறது. சோதனை முடிந்து வந்தவள், "முதல் நாலையும் எழுதினேன் ரீச்சர், பிறகு நேரம் இருந்தது, மற்றதையும் எழுதினேன்" என்றாள். அவளுக்கு பீ கிடைத்தது. எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று யார் கண்டது?

அவளுடைய தாய் வகுப்பு முழுக்கப் படிக்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அது கடைசி நாளில்தான் தெரிந்தது. ஒடிசியஸ் திரும்பி வந்த பிறகும் பெனலோப்பி உடனே நம்பமாட்டாள். கட்டிலை வெளியே எடுத்துப் போடு என்று வேலைக்காரிக்குச் சொல்லிப் பார்ப்பாள். வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே காலாக வைத்து அவன் செய்த கட்டில் அது. அசைக்க முடியாது என்பது அவர்கள் இருவருக்கும் ஒரு பணிப்பெண்ணுக்கும்தான் தெரியும். ஒடிசியஸ் கோபப்பட்டு அதைச் சொன்ன பிறகுதான் அவளுடைய மனம் இளகும். புருசனை இவ்வளவு சோதிப்பது கொஞ்சம் கடுமை இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்க, படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"அவ கேட்டது சரிதான் ரீச்சர். சும்மா ஒராள் வந்து நான்தான் எண்டா எப்படி நம்புற? எனக்கிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. அவருக்கு மட்டுந்தான் பதில் தெரியும்."

அந்தக் கேள்வி என்ன என்று நான் கேட்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் விறாந்தை வகுப்புக்கு இருப்பது அந்த ஒரேயொரு ஒடிசிதான். அதன் அட்டையும் கழன்றுவிட்டது. இலியட்டும் சோபகிளிசின் நாடகங்களும் தேவை. பழைய பிரதியானாலும் பரவாயில்லை. சங்கத்தின் முகவரிக்கு அனுப்பினால் நான் வந்து எடுத்துக்கொள்ளுகிறேன்.