தூண் பவளத்தின் கணக்கு

பவளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நவமணிகளுள் ஒன்றான செம்பவளம். இன்று நாம் பேசவிருப்பது அதன் தூரத்து உறவாகிய, பாறை கட்டும் பவளத்தைப் பற்றி. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டியிருப்பது மொழிபெயர்ப்போர்க்கு உள்ள தொல்லைகளுள் ஒன்று.

கரீபியன் கடலிலும் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்திலும் தூண் பவளம் என்றோர் இனம் உண்டு. கடலடியிலிருந்து மூன்று மீட்டர் உயரம் வரை கோபுரக் கூட்டம்போல் எழும். பகலிலும் உணர்கொம்புகளை நீட்டியிருப்பதால் மென்மயிர் போர்த்தியதுபோல் தோன்றும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டரே வளரும். ஆதலின் ஆளுயரத் தூண் ஒரு நூற்றாண்டு கண்டதாயிருக்கலாம்.

புளோரிடாவில் இஃது என்றுமே அரிய இனந்தான். ஆயினும் தூண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த எண்ணிக்கையில்தான் ஏமாற்றம் ஒளிந்திருந்தது. புயலில் முறிந்த துண்டு, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு புதிய தூணாகிவிடும். முருங்கைக் கிளையை ஒடித்து நட்டால் மரமாவதில்லையா, அதுபோல. நூறு மரம் நின்றாலும் மரபு ஒன்றே. மரபணுவை ஆய்ந்தபோது, ஒரு திட்டில் நின்ற தூண்கள் பலவும் ஒரே உயிரின் படிகள் என்பது தெரிந்தது. ஒன்றைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லக்கூடும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. பல பவளங்கள் ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாயிருக்க, இதில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆகஸ்டு மாதப் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் கருவணுக்களை நீரில் விடும். இடைத்தொலைவு மிகுந்தால் அவை சந்திக்குமுன் அலையில் கலைந்துபோம். அப்போது துண்டுகள் பெருகலாமேயன்றிப் புதிய மரபு பிறவாது.

இந்நிலையில், 2014-ஆம் ஆண்டு மயாமிக்கு அருகே பவளத்தின் தசையை உரித்துவிடும் நோய் ஒன்று தோன்றியது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 2020-ஆம் ஆண்டு முடிவதற்குள் புளோரிடாவின் தூண்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மாண்டன.

நல்லவேளையாக, வெவ்வேறு மரபுடைய துண்டுகளை முன்னரே எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளில் காத்துவந்தனர். 2019 ஆகஸ்டில் புளோரிடா அக்வேரியத்தார், நிலவொளியையும் நீரின் வெப்பத்தையும் செயற்கையாக அமைத்து, தொட்டியிலேயே அவை கருவணுக்களை விடச் செய்தனர். இளவுயிர்களும் பிறந்தன. இவ்வினத்தில் இது முதன்முறை. இனி அவற்றை மீண்டும் கடலில் நடவேண்டும். ஆனால் 2023 கோடையில் அக்கடல் மறுபடியும் சூடேறியபோது, கடல் நாற்றங்கால்களில் வளர்ந்துகொண்டிருந்த பல்வேறு பவளங்களை அவசரமாகக் கரைக்கே கொண்டுவர நேர்ந்தது.