ஊசி போட்டாயிற்று, எதிர்ப்புச் சக்தி வந்ததா?

(கம்போங் மேடானில் தோட்டக் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



மரத்தின் பட்டையை முறையாகச் சீவிவிட்டாலே பால் வந்துவிட்டது என்று உங்களில் எவரேனும் சொல்வீர்களா? மங்குக்குள் எட்டிப் பார்த்த பிறகுதானே சொல்வீர்கள்? தடுப்பூசியும் அத்தகையதே. ஊசி போடுவது மரத்தைச் சீவுவது போன்றது. உடலில் ஊறும் எதிர்ப்புச் சக்தியே பால். சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போரின் உடல், நலிந்த மரத்தை ஒத்தது. அங்கே மங்கைப் பாராமல் எதையும் நம்பலாகாது.

என் தாய்மாமா நெடுங்காலம் பால் வெட்டியவர். இனிப்புநீர் நோயால் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தருகே படுத்திருக்கிறார். அவர் ஹெப்பாட்டைட்டிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர். "அட்டையில் எழுதியிருக்கிறதே மாப்பிள்ளை, இனி என்ன பயம்?" என்பார். பின்னர் அவருடைய இரத்தத்தைச் சோதித்தபோது எதிர்ப்புச் சக்தி போதிய அளவில் இல்லை என்று தெரிந்தது. மீண்டும் ஒரு முறை எல்லா ஊசிகளையும் போட்ட பிறகே அது உண்டாயிற்று. சோதனை செய்யாதிருந்தால், பாதுகாப்பு இருப்பதாகவே எண்ணிக் காலம் கழித்திருப்பார்.

ஏன் இவ்வாறு நேர்கிறது? சிறுநீரகம் பழுதடைந்தால் கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கி, நோயுடன் போரிடும் வெள்ளணுக்களை மந்தமாக்குகின்றன. இயந்திரம் கழிவை அகற்றினாலும், அவ்வணுக்களின் பழைய சுறுசுறுப்பு முழுமையாகத் திரும்புவதில்லை. நலமான இளவயதினர் 100 பேருக்கு இவ்வூசியை முறையாகப் போட்டால் 90 பேருக்கு மேல் எதிர்ப்புச் சக்தி பெறுவர். சுத்திகரிப்பில் உள்ளோரிடையே அவ்வெண்ணிக்கை மிகவும் குறைவு. பெற்ற சக்தியும் விரைவில் வற்றிவிடுகிறது.

ஹெப்பாட்டைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் நோய். இரத்தத்தின் வழியே பரவும். அதன் கிருமி உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிர்த்திருக்கும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989-ஆம் ஆண்டு முதலே இவ்வூசி போடப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்த என் போன்றோர் குழந்தைப் பருவத்தில் அதைப் பெறவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பில் உள்ளோருக்கு மருந்தின் அளவு பொதுவாக இரட்டிப்பாகும். மற்றவர்க்கு 20 மைக்ரோகிராம் என்றால் இவர்களுக்கு 40. பரவலாக வழங்கும் ஒரு மருந்தில் ஊசிகளும் 3-க்குப் பதிலாக 4 ஆகும். கடைசி ஊசிக்கு 1 அல்லது 2 மாதங்களுக்குப் பின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 10 அனைத்துலக அலகுக்குக் குறைந்தால் மறுபடியும் ஊசி தேவை. போதிய சக்தி வந்தவர்களும் ஆண்டுதோறும் சோதித்து, குறைந்திருந்தால் ஊக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கோவிட் நோய்க்கு எதிராக 2021 பிப்ரவரி 24-ஆம் நாள் நம் நாட்டில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோதும் இதே பாடத்தைக் கற்றோம். சுத்திகரிப்பில் இருந்தோரின் உடலில் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே ஊறியது. கூடுதல் ஊசி தேவைப்பட்டது. சளிக்காய்ச்சல் ஊசியை ஆண்டுதோறும் போடுவதும், நிமோனியா ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதும் நன்று.

நண்பர்களே, நீங்கள் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, இனிப்புநீரால் சிறுநீரகம் தளரத் தொடங்கியதும், இயந்திரத்தை நாடும் நாள் வரை காத்திராமல், ஊசியைப் பற்றிக் கேளுங்கள். முன்னரே போட்டால் பலன் மிகுதி. இரண்டாவது, சுத்திகரிப்புக்கென இரத்தக் குழாயை இணைத்திருக்கும் கையில் ஊசி வேண்டாமென்று தாதியிடம் தெரிவியுங்கள். மூன்றாவது, "என் சோதனை முடிவு எத்தனை?" என்று கேட்டு, அதை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது, வீட்டிலுள்ள மற்றவர்களும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நலிந்த மரத்தைச் சுற்றி வலுவான வேலி வேண்டுமன்றோ?

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் கேளுங்கள். இன்று வீடு திரும்பியதும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊசி போட்ட தேதி இருக்கும். சோதனையின் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையெனில், மங்கை இன்னும் நாம் பார்க்கவில்லை என்பதே பொருள்.